கார்பெட் கலரை சேலை எடுக்குற மாதிரி எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை வில்லாபுரத்துல இருந்து ஒரு வாசகி எழுதுறேன். போன ஞாயித்துக்கெழம பேப்பரோட வந்த இணைப்புல வீட்டு அலங்காரம்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, ஹாலுக்கு வெள்ளை கார்பெட், பெட்ரூமுக்கு லைட் கிரே, தரையும் கார்பெட்டும் ஒரே கலர்ல இருந்தா ரூம் பெருசா தெரியும்னு எழுதியிருந்துச்சு, போட்டோவும் நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டு என் நாத்தனார் அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணி, மதினி நாங்க ஆவணியில பால் காய்ச்சுறோம்ல, ஹாலுக்கு இதே மாதிரி வெள்ளையா எடுத்துரவான்னு கேட்டா. எடுக்காதன்னு சொல்லிட்டேன். ஏன்னு அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன், சொல்லி முடிச்சப்புறம் இதை பேப்பருக்கே எழுதிரணும்னு தோணுச்சு, ஏன்னா எங்க தெருவுலயே அந்தப் பக்கத்தை வெட்டி வச்சிருக்குறவங்க மூணு பேரை எனக்குத் தெரியும், அதுல ஒரு வீட்ல எண்பது வயசு தாத்தா இருக்காரு.

எங்க வீட்ல நடந்ததை மொதல்ல சொல்லிர்றேன். மூணு வருசத்துக்கு முன்னாடி பழைய வீட்டை எடுத்துக் கட்டுனோம். அதுக்கு முன்ன ஹால்ல ரெட் ஆக்சைடு தரை, மாமா காலத்துல போட்டது, கால் வச்சா சில்லுன்னு இருக்கும், அதை உடைச்சுட்டு ஐவரி கலர்ல ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் போட்டோம், அது மேல விரிக்க ஒரு கிரீம் கலர் கார்பெட், அஞ்சுக்கு ஏழு, ஆசை ஆசையா வாங்குனேன். தரைக்கு மேட்சா இருக்குன்னு வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. எங்க அத்தைக்கு அப்ப 74 வயசு, ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேசனுக்கு நாள் பாத்துக்கிட்டு இருந்தோம். மார்கழி மாசம், விடியக்காலை அஞ்சு மணி இருக்கும், கோலம் போட கதவைத் திறக்கப் போனவங்களுக்கு தரை எங்க முடியுது கார்பெட் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல, ஓரத்துல கால் இடறி கீழ விழுந்து கையை ஊனிட்டாங்க, இடது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. சாப்பாடு ஊட்டிவிட்டு தலை சீவிவிட்டு எல்லாம் செஞ்சேன், அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, ஆனா நான் பாத்து பாத்து வாங்குன கலர்னால விழுந்தாங்களேன்னு இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறல.

எலும்பு டாக்டர் கட்டு போட்டுக்கிட்டே கேட்ட முதல் கேள்வி, வீட்ல தரை என்ன கலர், விரிச்சிருந்தது என்ன கலர். எனக்கு அப்ப ஒன்னும் புரியல. அப்புறம் அவரே சொன்னாரு, புரை வந்த கண்ணுக்கு கலருக்கும் கலருக்கும் உள்ள வித்தியாசம் மங்கிரும், எல்லாமே லேசா மஞ்சப்படிஞ்ச மாதிரி தெரியும், கருநீலம் கருப்பு காப்பிப்பொடி கலர் எல்லாம் அவங்களுக்கு ஒன்னுபோலத்தான் இருக்கும், அதனால பெரியவங்க இருக்குற வீட்ல தரைக்கும் விரிப்புக்கும் பளிச்சுன்னு வித்தியாசம் இருக்கணும், ஓரம் தனியா தெரியணும்னாரு. அதே சமயம் வெள்ளைத் தரைக்கு நடுவுல கருப்பா ஒன்னை விரிச்சா சில பெரியவங்களுக்கு, அதுவும் மறதி நோய் உள்ளவங்களுக்கு, அது பள்ளம் மாதிரி தெரிஞ்சு கால் வைக்க பயப்படுவாங்கன்னும் சொன்னாரு. உங்க இணைப்புல ரூம் பெருசா தெரியணும்ங்குறதுக்கு நாலு வரி இருந்துச்சு, இதுக்கு ஒரு வரி கூட இல்லைங்க.

அதுக்கப்புறம் நான் கார்பெட் கலரை பாக்குற விதமே மாறிப்போச்சு. எனக்கு இன்டீரியர் படிப்பெல்லாம் கிடையாது. ஆனா கலர் தெரியும். மதுரைப் பொம்பளைங்களுக்கு கலர் தெரியாம இருக்குமா, அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி ஆத்துல எறங்குறாருன்னு பாத்து இந்த வருசம் வெள்ளாமை எப்படின்னு சொல்ற ஊரு இது, பச்சைன்னா எல்லார் முகத்துலயும் ஒரு சந்தோசம் வரும். சுங்குடி சாயம் போட்ட ஊரு. அரக்கு, மயில்கழுத்து, வெந்தயக் கலர், பாசிப்பச்சை, கத்திரிப்பூ, மாம்பழம், சந்தனம், காப்பிக்கொட்டைன்னு எங்களுக்கு எத்தனை கலருக்குப் பேரு இருக்கு, இந்த ஊர்ல பொறந்த எம்.எஸ். அம்மா பேர்லயே எம்.எஸ். ப்ளூன்னு ஒரு கலர் இருக்கு. இவ்வளவு தெரிஞ்சவங்க கார்பெட் கடைக்குப் போனா மட்டும் பெய்ஜா கிரேயான்னு கடைக்காரர் சொல்றதை அப்படியே கேட்டுட்டு வந்துர்றோம்.

சேலை எடுக்கும்போது என்ன செய்வோம், கடைக்குள்ள டியூப்லைட்ல பாத்ததை நம்ப மாட்டோம், வாசலுக்கு எடுத்துட்டு வந்து வெயில்ல விரிச்சுப் பாப்போம், தோள்ல போட்டுப் பாப்போம். கார்பெட்டுக்கும் அதுதாங்க. கடையில மேல நூறு லைட்டு, பாதிக் கடையில 6500 கே (கெல்வின், வெளிச்சத்தோட கலரைச் சொல்ற நம்பர்) எல்இடி போட்டிருப்பாங்க, அந்த வெள்ளை வெளிச்சத்துல நீலமும் சாம்பலும் அம்சமா இருக்கும், அதையே வீட்ல 3000 கே மஞ்ச லைட்டுக்கு கீழ போட்டா சாம்பல் அழுக்கு கலர்ல தெரியும், பச்சை வேற பச்சையாயிரும். பல்பு டப்பாவுலயே அந்த நம்பர் போட்டிருக்கும், கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டு பல்பு என்ன நம்பர்னு பாத்துட்டுப் போங்க. முடிஞ்சா கார்பெட்டையோ ஒரு சாம்பிள் துண்டையோ ஒரு நாள் வீட்டுக்கு கேட்டு வாங்கிட்டு வந்து காலைல பத்து மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி லைட் போட்டு ஒரு தடவை பாருங்க. அட்வான்ஸ் குடுத்தா தர்ற கடை இங்க இருக்கு, நான் வாங்கியிருக்கேன். சின்னத் துண்டுல அடக்கமா தெரியுற கலர் ஆறுக்கு ஒம்போது விரிச்சா கூடுதலா அடிக்கும், அதனால மனசுக்குப் பிடிச்சதுல இருந்து ஒரு ஷேடு குறைச்சு எடுத்தா சரியா வரும்.

இன்னொன்னு, வெல்வெட் ஜாக்கெட் துணியை ஒரு பக்கமா தடவுனா ஒரு கலரும் எதிர்ப்பக்கமா தடவுனா வேற கலரும் தெரியும்ல, கார்பெட்டும் அப்படித்தான், அதோட முடி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், வாசல்ல இருந்து பாத்தா வெளுப்பாவும் உள்ள இருந்து பாத்தா அடர்த்தியாவும் தெரியும். பிடிக்கலன்னா மாத்திக் குடுங்கன்னு கடையில போய் சண்டை போடாதீங்க, தலைகீழா திருப்பி விரிச்சுப் பாருங்க, பாதிப் பேருக்கு அதுலயே சரியாயிரும்.

ஜன்னல் விசயத்துல உங்க கட்டுரையில ஒரு தப்பு இருக்கு, அதை மரியாதையோட சொல்றேன். வடக்கு பாத்த ரூமுக்கு வெயில் வராது அதனால அடர்ந்த சிவப்பு, ஆரஞ்சுன்னு சூடான கலர் போடுங்கன்னு எழுதியிருந்தீங்க. அது குளிர் நாட்டுக்காரங்க அவங்க ஊருக்கு எழுதுனது. மதுரை பூமத்திய ரேகையில இருந்து வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில இருக்கு, சித்திரை ஆரம்பத்துல சூரியன் உச்சந்தலைக்கு நேரா வரும், அதுல இருந்து ஆவணி வரைக்கும் மத்தியானத்துல நமக்கு வடக்கேதான் இருக்கும். என் மகன் ஏழாவது படிக்கும்போது ஸ்கூல்ல நிழல் அளந்துட்டு வரச் சொன்னாங்கன்னு ஜூன் மாசம் மொட்டை மாடியில ஒரு குச்சியை நட்டு வச்சோம், உச்சி நேரத்துல நிழல் தெக்க பாத்து விழுந்துச்சு, நானே அன்னிக்குத்தான் கவனிச்சேன். அதனால நம்ம ஊர்ல அனல் அடிக்குற மாசங்கள்ல வடக்கு ஜன்னல்லயும் காலையிலயும் சாயந்தரமும் சாஞ்ச வெயில் வரும். அங்க போய் ரத்தச் சிவப்பை விரிச்சா அந்த ரூம்ல உக்காரவே மனசு வராது, பாக்கவே வெக்கையா இருக்கும். வெளிர் பச்சை, மயில்கழுத்து, சாம்பல் நீலம்னு கண்ணுக்கு குளுகுளுன்னு இருக்குறதைப் போட்டா என்ன.

மேக்கு ஜன்னல் வீட்டுக்காரங்களுக்கு வேற பிரச்சனை. மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் அந்த வெயில் சாயத்தைத் தின்னுரும். எங்க சித்தி வீட்டுல மெரூன் கார்பெட் ரெண்டு கோடையில செங்கல் கலராயிருச்சு, சோபாவை நகத்துனா அதுக்கு கீழ மட்டும் மெரூன் அப்படியே பளபளன்னு இருக்கு, பாக்க பாவமா இருந்துச்சு. அப்படிப்பட்ட எடத்துல அடர் கலரை ஒத்தைக் கலரா போடாம, நாலஞ்சு கலர் கலந்ததா, நடுத்தரமான ஷேடுல எடுத்தா வெளுத்தாலும் எடுப்பா தெரியாது. நூலையும் பாக்கணும். கடையில பிபின்னு சொல்லுவாங்க, பாலிப்ரொப்பிலீன், அதுல பெரும்பாலும் நூலா இழுக்குறதுக்கு முன்னாடியே கலரை உருக்குன பிளாஸ்டிக்கோட கலந்துருவாங்க, அதனால வெயிலுக்கும் தண்ணிக்கும் சீக்கிரம் போகாது, விலையும் கம்மி. காட்டன்ல அடர் கலர் எடுத்தா வெள்ளைக் கர்ச்சீப்பை நனைச்சு ஒரு ஓரத்துல நல்லா தேச்சுப் பாத்துட்டு எடுங்க, கர்ச்சீப்புல கலர் ஏறுச்சுன்னா அந்த சாயம் உங்க வீட்டு டைல்ஸ்லயும் ஏறும்.

இப்ப ஹாலுக்கு வர்றேன். வெள்ளை வேணாம்னு நான் சொல்றது அழகுக்காக இல்ல. ஆடி மாசம் காத்துல எங்க ஏரியாவுல ஜன்னலை மூடி வச்சாலும் செம்மண் புழுதி வந்து படியும், ரெண்டு வேளை கூட்டுனாலும் காலுக்கு கீழ நறநறன்னு இருக்கும், அதுல வெள்ளை கார்பெட் ஒரு வாரம் தாங்காது. ஹால்லதான் காப்பி, ஹால்லதான் சின்னப் பிள்ளைக்கு சோறு ஊட்டுறது, விருந்தாளி வந்தா ஹால்லதான் உக்காந்து சாப்பிடுறது, வெஞ்சனம் ஒரு கரண்டி சிந்தாத வீடு எங்க இருக்கு. அதுக்காக கருப்போ கருநீலமோ போட்டா தப்பிச்சிரலாம்னு நினைக்காதீங்க, அதுல தலைமுடி, பஞ்சு, கோலமாவு மிதிச்ச கால் தடம் எல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டும், அழுக்கு மறைக்குறதுல ரெண்டுமே மோசம். நடுக் கலர்தான் நம்ம ஊருக்கு. வெந்தயக் கலர், துரு கலர், காப்பிக்கொட்டை, பாசிப்பச்சை, அதுலயும் சுங்குடிப் புள்ளி மாதிரி பொடி டிசைன் இருந்துச்சுன்னா தூசி கண்ணுக்கே தெரியாது. ஐவரி டைல்ஸ் போட்டவங்களுக்கு இந்தக் கலர் எல்லாம் ஓரம் தனியா எடுத்துக் குடுக்கும், பெரியவங்களுக்கும் நல்லது. சேலைக்கு பார்டர் மாதிரி கார்பெட்டுக்கும் ஒரு அடர் பார்டர் இருந்தா இன்னும் நல்லது.

தரையைப் பாத்துத்தான் மத்ததெல்லாம். எங்க அம்மா வீடு சோழவந்தான்ல, இன்னும் சிவப்புத் தரைதான், பட்டாசாலை முழுக்க சிவப்பு. அங்க போய் மெரூனோ ஆரஞ்சோ விரிச்சா ஒன்னோட ஒன்னு சண்டை போடும், சந்தனக் கலரோ கரும்பச்சையோ நீலமோ விரிச்சுப் பாருங்க, அந்தத் தரைக்கே ஒரு மரியாதை வந்துரும். ஆத்தங்குடி கல்லு பதிச்ச வீடுன்னா தரையிலயே பூவும் கட்டமும் இருக்கு, அதுக்கு மேல பூப் போட்ட கார்பெட் எதுக்கு, அதுல இருக்குற ஏதாவது ஒரு கலரை எடுத்து ப்ளெய்னா போட்டா போதும், இல்ல ஒன்னுமே விரிக்காம விட்ருங்க, அந்தக் கல்லை மூடுறது எனக்கு மனசே வராது.

பெட்ரூமுக்கு அவங்கவங்க மனசுதான், வெளிர் கத்திரிப்பூ, சந்தனம், லேசான பச்சை எதுனாலும் சரி, அங்க யாரும் சாம்பாரோட போறதில்ல. ஆனா கட்டில்ல இருந்து கால் எறங்குற எடத்துல போடுற சின்ன விரிப்பு ராத்திரி அரை இருட்டுலயும் தெரியுற கலரா இருக்கணும், கீழ வழுக்காத ரப்பர் வலை போட்டிருக்கணும். பிள்ளைங்க ரூம்ல ஸ்கெட்ச் பேனா, கலர் பென்சில், ஒட்டுற பசை எல்லாம் கொட்டும், நல்லா நெருக்கமா பல கலர் கலந்த, விலை கம்மியான ஒன்னு போடுங்க, அஞ்சு வருசத்துல மாத்திக்கலாம். அடுப்படிக்கு கார்பெட்டே வேணாம், துவைக்குற மாதிரி காட்டன் கால்மிதி ஒன்னு போதும். பூஜை ரூமுக்கும் வேணாம்னுதான் சொல்லுவேன், அங்க விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, பிளாஸ்டிக் நூல்ல ஒரு பொறி விழுந்தா உருகி ஒட்டிக்கும், கோரைப்பாயோ மரமணையோ போட்டு உக்காருறதுதான் நல்லது. வாஸ்து பாக்குறவங்க திசைக்கு ஒரு கலர் சொல்லுவாங்க, அந்த நம்பிக்கையில நான் குறுக்க வரல, அவங்க சொல்ற கலர்லயே அழுக்கு தாங்குற ஷேடா எடுத்துக்கலாம்.

மஞ்சக் கறையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை, ஏன்னா எல்லாரும் பயப்படுறது அதுக்குத்தான். சாம்பார் சிந்துனா தேய்க்காம மொதல்ல ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு ஈரத் துணியால ஒத்தி எடுத்துட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டு ஒத்திட்டு, வெயில்ல போடுங்க, மஞ்சளோட கலர் வெயில்ல தானா வெளுக்கும், துணிக்கு எப்படியோ கார்பெட்டுக்கும் அப்படித்தான். அதனாலதான் மாடிக்கு தூக்கிட்டுப் போக முடியுற சைஸ்ல வாங்கணும்னு நான் எப்பவும் சொல்றது, சுவத்துல இருந்து சுவரு வரைக்கும் ஒட்டுற கார்பெட்டை எடுத்து எங்க காயப் போடுவீங்க, ஐப்பசி கார்த்திகை ஈரத்துல அதுக்குள்ள பூஞ்சை வாடை வந்துரும், வீட்ல ஆஸ்துமா இருந்தா இன்னும் கஷ்டம்.

கடைசியா ஒரு ஆதங்கம். ரெண்டு பக்கம் விரிப்பு பத்தி எழுதுனீங்க, ஜமுக்காளம்ங்குற வார்த்தையே அதுல இல்ல. பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு வாங்குனது, 1985ல வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு கீழ போட்ட உத்தரவுல ஜமுக்காளத்தை பவர்லூம்ல நெய்யக்கூடாதுன்னே இருக்கு, கைத்தறிக்காரங்களுக்காக ஒதுக்குனது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சன்னு பட்டை பட்டையா வர்ற அந்தக் கலரை ஐவரி டைல்ஸ் மேல விரிச்சுப் பாருங்க, இருட்டுலயும் ஓரம் தெரியும், மடிச்சு பரண்ல வைக்கலாம், துவைச்சு மாடியில காயப் போடலாம், இருபது பேர் வந்தா உக்கார வைக்கலாம். பத்தமடைப் பாயும் அப்படித்தான், நம்ம வெக்கைக்கு அது மாதிரி ஒன்னு கிடையாது. காஷ்மீர்லயும் உத்தரப் பிரதேசத்து பதோகியிலயும் கையால முடிச்சுப் போட்டு நெய்ற கம்பளத்தோட அழகை நான் குறைச்சு சொல்லல, பணம் இருக்குறவங்க தாராளமா வாங்கட்டும், ஆனா அதை விரிக்குற வீட்டுக்குப் பக்கத்துல ஜமுக்காளம் விரிக்குற வீடும் உங்க பக்கத்துல வரணும்ல.

அதனால உங்ககிட்ட கேட்டுக்குறது இதுதான். அடுத்த தடவை இப்படி ஒரு பக்கம் போடும்போது வெளிநாட்டு போட்டோவுக்கு பதிலா நம்ம ஊரு வீடு நாலு போடுங்க, ஒரு சிவப்புத் தரை வீடு, ஒரு மொசைக் வீடு, ஒரு புது டைல்ஸ் வீடு, ஒரு வாடகை வீடு. ஒவ்வொரு படத்துக்கு கீழயும் ரூம் எத்தனை அடி, ஜன்னல் எந்தத் திசை, தரை என்ன கலர், வீட்ல வயசானவங்க இருக்காங்களா, படம் எடுத்தப்ப மணி என்னன்னு போடுங்க. கண் டாக்டர் ஒருத்தர்கிட்டயும் எலும்பு டாக்டர் ஒருத்தர்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்டுப் போடுங்க.

எங்க அத்தைக்கு இப்ப ரெண்டு கண்ணும் ஆபரேசன் முடிஞ்சிருச்சு. அந்த கிரீம் கார்பெட்டை எடுத்துட்டேன். புதுசு எடுக்கப் போனப்ப அவங்களையே கூட்டிட்டுப் போனேன், தெற்கு மாசி வீதியில கடை வாசல்ல சேர் போட்டு உக்கார வச்சு ஒன்னொன்னா வெளிய கொண்டாந்து காட்டச் சொன்னோம், ஏழாவதோ எட்டாவதோ காட்டுனதுல கையை வச்சாங்க, மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர். இது எனக்கு எங்க இருந்தாலும் தெரியுதுத்தான்னாங்க. அதுதான் இப்ப ஹால்ல கிடக்கு. நாத்தனாரும் வர்ற சனிக்கெழம அவ மாமியாரை கூட்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போறா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.